கம்மி பட்ஜெட்டில் கணினியும் கேம் பெட்டியும்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

பழம்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

இங்கே மாதம் தவறாமல் இரண்டு கேள்விகள் வருகின்றன. "பழைய லேப்டாப் இருக்கு, செலவில்லாம என்ன சாஃப்ட்வேர் போடலாம்?" அடுத்தது, "பையன் கேம் கேக்கறான், குறைஞ்ச விலையில எந்தப் பெட்டி வாங்கலாம்?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. என் கருத்தை ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன். ஒத்துவராதவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

வாங்கும் விலையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பிடிக்காமல் போனால் எப்படிக் கழற்றிவிடுவது என்பதுதான் முதல் கேள்வி. மென்பொருள் என்றால் அதில் செய்த ஃபைல் வேறொன்றில் திறக்குமா? கேம் பெட்டி என்றால் ஆடி முடித்த கேமைக் கைமாற்ற முடியுமா? முடியாது என்றால் சும்மா கொடுத்தாலும் அது விலை ஜாஸ்திதான்.

முதலில் லேப்டாப். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் தூங்குகின்றன. விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. நானறிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் அபூர்வம். அந்த லேப்டாப்பை இன்று தூக்கிப்போட வேண்டியதில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), ராம் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவு, லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கட்டுரை அடிக்க, பாங்க் வேலை பார்க்க, யூடியூப் பார்க்க இது போதும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய பெட்டிகளில் அதற்கு வழியில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் கீ என்று வரும் விளம்பரங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது யாருடைய கம்பெனி லைசென்ஸிலிருந்து உருவியது என்று விற்பவனுக்கே தெரியாது.

எழுத லிப்ரே ஆபீஸ். படம் திருத்த கிம்ப். 2025 மார்ச்சில் 3.0 வந்தபிறகு ஃபில்டர் போட்டுவிட்டுப் பின்னால் வந்து மாற்ற முடிகிறது, அது ஒன்றுக்காகவே அதன் பழைய பாவங்களை மன்னித்துவிட்டேன். வரைய கிரிட்டா. வீடியோவுக்கு கேடென்லைவ். டாவின்சி ரிசால்வ் இலவசம்தானே என்று லினக்ஸில் போட்டு முழிக்காதீர்கள். இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 வீடியோவைத் திறக்காது, போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் அந்த வகைதான். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை.

கேம் பெட்டியில் என் கட்சி தெளிவானது: டிஸ்க் போடும் பெட்டியாக இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 34,990 ரூபாய்க்கு வந்தபோது ஊரே கொண்டாடியது. அதில் டிஸ்க் நுழைக்க இடமே கிடையாது. 512 ஜிபி என்று போட்டிருப்பார்கள், நமக்கு மிஞ்சுவது 364. என் ஓட்டு சோனியின் பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்லிம்முக்கு.

—

அச்சுக்கோர்ப்பு

வணக்கம் பழம்பெட்டி அவர்களே. திருநெல்வேலியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் வீட்டுக்குச் சரி, கடைக்கு வாருங்கள் பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் எனக்கு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 7.0, வந்தது 2001-ல். இன்றைய கணினிகளின் பொது எழுத்துமுறையான யூனிகோடே தெரியாது அதற்கு. ஆனால் வாடிக்கையாளர் மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து, "இதே மாதிரி, பேரை மட்டும் மாத்துங்க" என்பார். அந்த மூத்த மகளின் ஃபைல் பேஜ்மேக்கரில் இருக்கிறது, எழுத்துரு பழைய வகை. நான் லினக்ஸுக்குப் போனால் அதை என்ன செய்வது?

கிம்ப்பில் அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற வேலையும் அரைகுறை. ஆஃப்செட்காரன் நீலத்தைக் கத்தரிப்பூ நிறத்தில் அடித்துக் கொடுத்தால் காசை யார் திருப்பித் தருவார்?

—

பழம்பெட்டி

ஐயா, நான் சொன்னதற்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பேஜ்மேக்கரின் விலை அன்று கொடுத்த பணம் அல்ல, இருபது வருஷ ஃபைல்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றனவே, அதுதான்.

ஆனால் கதவு முழுக்கச் சாத்தவில்லை. லிப்ரே ஆபீஸில் உள்ள வரையும் மென்பொருளான டிரா, 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், 6, 7 பதிப்புகளில் செய்தது என்றால். திறந்ததும் கிறுக்கல் கிறுக்கலாக ஆங்கில எழுத்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பழைய எழுத்துருவை இந்தக் கணினியிலும் நிறுவிவிட்டால் தமிழ் வந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து ஏமாற்றிய எழுத்துருக்கள்தானே அவை. எழுத்தை மட்டும் நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் போட்டால் யூனிகோடாக மாறும். அலங்காரக் கட்டம், பிள்ளையார் படம் இவையெல்லாம் இடம் நகரும், அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

புதிய வேலைக்கு இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸைப் பாருங்கள். பழைய 1.4-ஐப் போட்டு, கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறுவதைக் கண்டு ஓடிப்போனவர்கள் நிறைய. 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. சிஎம்ஒய்கே பிடிஎஃப்பும் தரும். நீலம் நீலமாகவே வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பழைய விண்டோஸ் கணினி ஒன்றை நெட் கனெக்‌ஷன் இல்லாமல் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஃபைலுக்கு மட்டும்.

—

தீவான்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இங்க எல்லாம் பாமினி எண்ட பழைய எழுத்துருதான் அண்ணை. பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோயில் மலர், சங்கத்துக் கடிதம் எல்லாம் பாமினியிலதான் கிடக்கு. நாங்கள் பொங்குதமிழ் மாற்றியில போட்டு எடுக்கிறனாங்கள், இணையத்திலேயே இருக்குது, காசில்லை. ஆனா ஒண்டு: ஆங்கிலமும் தமிழும் கலந்த பந்தியை அப்பிடியே போடாதேங்கோ. ஆங்கிலச் சொல்லையும் பாமினி எண்டு நினைச்சு மாத்திப்போடும், பிறகு ஒரு விலாசம்கூட வாசிக்கேலாது. முதல்ல ஆங்கிலத்தைத் தனியா எடுத்து வைச்சுப்போட்டு மாத்துங்கோ.

மற்றது, லிப்ரே ஆபீஸில அடிச்சதை வேர்டில திறந்தா பக்கம் கூடுது குறையுது எண்டு ஆக்கள் சொல்லுறாங்கள். அதுக்கு என்ன வழி?

—

பழம்பெட்டி

தீவான், அதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா என்று ஒவ்வொரு எழுத்தின் அகலமும் இம்மி பிசகாத மாற்று எழுத்துருக்கள் ஆங்கிலத்துக்கு இருக்கின்றன, அதனால் ஆங்கிலப் பக்கம் அசையாது. விண்டோஸில் வரும் நம் தமிழ் எழுத்துருக்களான லதாவுக்கும் நிர்மலாவுக்கும் அப்படி ஓர் ஈடு நான் பார்த்தவரை இல்லை. லினக்ஸில் நிர்மலா இல்லாததால் அது வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், வரி மடங்கும் இடம் மாறும், நாலு பக்கம் ஐந்தாகும். இரண்டு கணினியிலும் நோட்டோ சான்ஸ் தமிழைப் போட்டு அதிலேயே அடியுங்கள். இல்லாவிட்டால் எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பொதிக்கும் வசதி லிப்ரே ஆபீஸின் ஆவணப் பண்புகளில் இருக்கிறது. வாசிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

—

கணக்குப்பிள்ளை

லினக்ஸ் லினக்ஸ்னு எல்லாரும் பாடறீங்க, கணக்கு எழுதற டேலியைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலையே. எங்க ஜவுளிக்கடையில ஜிஎஸ்டி வந்த நாள்லேர்ந்து எல்லாம் டேலிதான். ஆடிட்டரும் டேலி டேட்டாவைத்தான் கேப்பார். க்னூகேஷ் போட்டுப் பாத்தேன். இரட்டைப் பதிவுக் கணக்கு அருமையா எழுதுது, ஆனா நம்ம ஜிஎஸ்டி ரிட்டர்ன் அதுக்கு எங்க தெரியும்?

பட்ஜெட்காரங்களுக்கு ஒரு தகவல். டேலியை லைசென்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோடுல திறக்கலாம். ஆனா மாசத்துல ஒண்ணாம் தேதி, ரெண்டாம் தேதி, கடைசித் தேதி, இந்த மூணுலதான் வவுச்சர் போட விடும். படிக்கற பசங்களுக்கு இது தாராளம். சில சின்னக் கடைக்காரங்க மொத்த மாச வியாபாரத்தையும் ஒண்ணாம் தேதியிலேயே போட்டு வெச்சிருக்கறதை என் கண்ணால பாத்திருக்கேன். ஆபீசர் வந்து பாத்தா, "ஏம்ப்பா, மத்த நாளெல்லாம் கடை லீவா?"ன்னு கேப்பாரு. கடை நடத்தறவங்க லைசென்ஸ் வாங்கிடுங்க. பழம்பெட்டி சார் சொல்ற "கழற்றிவிடறது" எல்லாம் ஆடிட்டர் சம்மதிச்சாத்தான்.

—

பழம்பெட்டி

டேலி விஷயத்தில் எதிர்ப்பேச்சு இல்லை. கடைக்கு டேலியும் விண்டோஸும்தான். ஒன்று மட்டும்: டேலியிலிருந்து எக்ஸெல்லாகவும் எக்ஸ்எம்எல்லாகவும் வெளியே எடுக்கலாம். வருஷ முடிவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

—

ரெண்டாம்பிளேயர்

சீரிஸ் எஸ்ஸைத் திட்டினதுக்கு நான் வந்தே ஆகணும். அண்ணா, நீங்க டிஸ்க் வித்து டிஸ்க் வாங்கின காலத்துலயே நிக்கறீங்க. சோனியோட சொந்த கேம் புதுசா வந்தா பிஎஸ்5-க்கு 4,999 ரூபா. அதை வாங்கி, முடிச்சு, ஸ்கிராட்ச் இல்லாம வெச்சு, ஓஎல்எக்ஸ்ல போட்டு, "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ"ன்னு கேக்கறவனுக்கெல்லாம் பதில் சொல்லி... அந்த நேரத்துக்கு விலை இல்லையா? சந்தா கட்டி நிறைய கேம் ஆடற எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸை நான் வருஷம் முழுக்க வெச்சுக்கறதில்லை. லீவு வந்தா ஒரு மாசம் போடுவேன், முடிஞ்சா நிறுத்திடுவேன். மத்த நாள் ஃபோர்ட்நைட். 2021 ஏப்ரல்லேர்ந்து எக்ஸ்பாக்ஸ்ல ஃப்ரீ கேமை ஆன்லைன்ல ஆட சந்தா வேண்டாம். பெட்டியும் சின்னது, சத்தமே வராது. பழைய பிஎஸ்4 சில கேம்ல மொட்டை மாடியில ஜெட் இறங்கற மாதிரி கத்துமே, அதைச் சொல்லலையே நீங்க?

அப்புறம், கேம்னாலே பெட்டிதானா? அதே லேப்டாப்ல எபிக் ஸ்டோர் அக்கவுண்ட் ஒண்ணு வெச்சுக்கிட்டா ஒவ்வொரு வாரமும் ஒரு கேமாவது இலவசமா கொடுக்கறாங்க. 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தாங்க. ஸ்டீம் 2015-லேர்ந்து ரூபாயில விலை போடறாங்க.

—

பழம்பெட்டி

தம்பி, லீவுக்கு மட்டும் சந்தா போடும் ஒழுக்கம் உனக்கு இருக்கிறது, சந்தோஷம். ஆட்டோ ரின்யூவலை நிறுத்த மறந்துபோகும் வீடுகளுக்காகத்தான் நான் எழுதுகிறேன். 2025 அக்டோபரில் கேம் பாஸ் விலையை ஏற்றினார்கள், அப்போது சீரிஸ் எஸ் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாம் கதவு எது? டிஸ்க் கிடையாது. அதே கடையில், அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

எபிக், ஸ்டீம் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அந்தப் பழைய லேப்டாப்பில் ஜிடிஏ 5 ஸ்லைடு ஷோவாகத்தான் ஓடும். அதற்கேற்றவை உண்டு: சூப்பர்டக்ஸ்கார்ட், ஓப்பன்டிடிடி, வெஸ்நாத். மைன்கிராஃப்ட் கேட்கும் பிள்ளைக்கு லுவான்டி கொடுங்கள், முன்பு மைன்டெஸ்ட் என்று பெயர். "இது மைன்கிராஃப்ட் இல்லையே" என்று மூக்கைச் சுளிக்கும், பிறகு அதிலேயே வீடு கட்டும்.

—

இரட்டைவால்களின் அப்பா

வணக்கம் சார். இதையெல்லாம் படிச்சு தலை சுத்துது. நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். டிவி பின்னாடி சொருகற கேம் ஸ்டிக்னு ஆன்லைன்ல வருதே, 4கே, பத்தாயிரம் கேம், ரெண்டு வயர்லெஸ் ஜாய்ஸ்டிக். விலை ரெண்டாயிரம் சொச்சம். அதை வாங்கலாமா? இன்னொன்னு, நாங்க சின்ன வயசுல ஆடின மஞ்ச கேசட் டிவி கேம் இப்பவும் கடையில விக்குது, துப்பாக்கியோட. வாங்கிட்டு வந்தேன். மரியோ, கான்ட்ரா எல்லாம் ஓடுது. துப்பாக்கியால வாத்தைச் சுட்டா மட்டும் விழவே மாட்டேங்குது. சின்னவன், "அப்பாவுக்கு குறி பாக்கத் தெரியல"ன்னு பாட்டிகிட்ட சொல்லிட்டான். துப்பாக்கி ரிப்பேரா?

—

ஈயப்பத்து

உங்கள் குறியிலும் கோளாறு இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. டிவிதான். இதை எழுதத்தான் உள்ளே வந்தேன்.

அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டும் செய்யும். குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் ஒளி உணரும் சின்னப் பொருள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கி கண்டால் வாத்து விழும். குண்டு டிவியில் இது அந்தந்தக் கணத்திலேயே நடக்கும். எல்இடி டிவி படத்தை வாங்கி, சீவிச் சிங்காரித்து, தாமதமாகக் காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் வருவதற்குள் கேம் முடிவு சொல்லிவிடும். தாமதத்தைக் குறைத்தாலும் பயனில்லை. குண்டு டிவியின் கதிர் ஓடும் வேகத்துக்கே அந்தத் துப்பாக்கியின் சுற்று இசைக்கப்பட்டிருக்கும், தட்டை டிவியின் வெளிச்சத்தை அது வெளிச்சமாகவே மதிக்காது. ஆக்கர்கடையில் ஒரு குண்டு டிவி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், சின்னவன் முன்னால் சுட்டுக்காட்டலாம்.

நீங்கள் வாங்கியது 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல். 60 பின் கேசட்டும் அதே அமைப்புதான். உள்ளே பழைய மாதிரி சிப்புகள் வரிசையாக இருக்கும் என்று திறந்து பார்த்தால் ஏமாறுவீர்கள். மொத்தக் கணினியும் ஒரே சிப்பாகி, போர்டின் மேல் கறுப்புப் பசைப் பொட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அந்தப் பொட்டு போனால் ரிப்பேர் கிடையாது. "9999 இன் 1" என்று லேபிள் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம், கொஞ்சம் கேம்தான் இருக்கும், இரண்டாம் லெவலில் தொடங்கினால் அதற்கு ஒரு புதுப் பெயர்.

இப்போது கேம் ஸ்டிக். என் ரிப்பேர் மேசைக்கு இது நிறைய வருகிறது. 4கே என்பது டிவிக்குப் போகும் சிக்னல் மட்டும், கேம் பழைய கேம்தான். எட்டு பிட், பதினாறு பிட் கேம்கள் நன்றாக ஓடும். முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாண கேம் போட்டால் திணறும். பெரும்பாலும் முதலில் சாவது கூட வரும் மெமரி கார்டு, ஆகவே வாங்கிய அன்றே கார்டை நகலெடுத்து நல்ல கார்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜாய்ஸ்டிக் அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மரியோ குதிக்கிறாரா? ஸ்டிக்கைத் திட்டும் முன் டிவி செட்டிங்கில் கேம் மோடு இருந்தால் போடுங்கள். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி விநாடி. டிவி நூறு மில்லி விநாடி தின்றால் ஆறு படம் போச்சு, அதற்குள் மரியோ பள்ளத்தில் இருப்பார்.

அந்தப் பத்தாயிரம் கேமும் உரிமை வாங்காமல் ஏற்றியவை, அதையும் தெரிந்து வாங்குங்கள். வேறொரு பெட்டியைப் போல நடித்து அதன் கேமை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர் தப்பில்லை, கேம் கோப்பை யார் கொடுத்தார் என்பதில்தான் வில்லங்கம். ஆனால் எமுலேட்டர் செய்தவர்களும் மாட்டியதுண்டு: ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவைச் செய்தவர்கள் மேல் நின்டெண்டோ வழக்குப் போட்டு, 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இன்றும் அந்தப் பழைய ஃபேமிகாம் வகைப் பெட்டிக்கென்றே புதிதாகக் கேம் எழுதி நேர்மையாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மைக்ரோ மேஜஸ் என்று ஒன்று, 2019-ல் வந்தது, மொத்தமே 40 கிலோபைட், நாலு பேர் சேர்ந்து ஆடலாம். இந்த ஒரு பதிவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதைவிடப் பெரிசு.

—

நெறியாளர்

ரோம் கோப்பு (கேமின் நகல்) கிடைக்கும் இடங்களின் இணைப்பைப் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எமுலேட்டர் பற்றிப் பேசலாம், இணைப்பு வேண்டாம்.

—

இரட்டைவால்களின் அப்பா

ரொம்ப நன்றி சார். ஸ்டிக் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பழைய பிஎஸ்4 பாக்கப் போறேன். வாங்கறப்ப என்னென்ன செக் பண்ணணும்?

—

பழம்பெட்டி

கையில் ஒரு டிஸ்க்கோடு போங்கள், விற்பவர் வீட்டு டிவியிலேயே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கைப் போட்டு, இன்ஸ்டால் ஆரம்பித்து, வெளியே எடுத்து, திரும்பப் போடுங்கள். இழுக்கும்போது கரகரவென்றால் விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐ ஒயரை லேசாக அசையுங்கள், படம் போய்ப் போய் வந்தால் போர்ட் ஆடுகிறது என்று அர்த்தம், ரிப்பேர் செலவு உண்டு. உங்கள் பெயரில் ஒரு பிஎஸ்என் (சோனியின் ஆன்லைன் சேவை) அக்கவுண்ட் அங்கேயே திறந்து உள்ளே போங்கள். அந்தப் பெட்டியை சோனி தடை செய்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இது தன் அக்கவுண்டின் முதன்மைப் பெட்டி என்ற பதிவை விற்பவர் நீக்கிவிட்டாரா என்பதும் முக்கியம். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள்.

சிஸ்டம் சாஃப்ட்வேர் 9.00 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அதற்கு முந்தையதில், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, நெட்டும் இல்லாமல் போனால் டிஸ்க்கே ஓடாத ஒரு கோளாறு இருந்தது. 2021 செப்டம்பர் அப்டேட்டில் சோனி சரிசெய்தது.

ஸ்லிம் வாங்கினால் ஹார்டு டிஸ்க் மாற்றுவது பத்து நிமிட வேலை. பின்பக்க மூலையில் சின்ன மூடி, அதைத் தள்ளினால் ஒரே ஸ்க்ரூ. பசங்களோடு உட்கார்ந்து செய்யுங்கள், கேமைவிட அது அவர்களுக்குப் பிடிக்கும்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்டால் மட்டும் யோசியுங்கள். இந்தியாவில் அவர்கள் நேரடியாக விற்பதில்லை, கடையில் இருப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கெட்டால் கடைக்காரர் வாக்குத்தான் வாரண்டி. ஸ்டீம் கேம்களைக் கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக்கும் அதே கதை.

—

ரெண்டாம்பிளேயர்

டிஸ்க் டிஸ்க்னு சொல்றாரேன்னு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. ஸ்விட்ச் 2-ல கேம்-கீ கார்டுன்னு ஒண்ணு வந்திருக்கு. கார்டுக்குள்ள கேம் இருக்காது, சாவி மட்டும். கேமை டவுன்லோட் பண்ணணும். ஆனா கார்டை விக்கலாம். அண்ணன் கணக்குப்படி இது நல்லதா கெட்டதா?

—

பழம்பெட்டி

சர்வர் இருக்கும்வரை நல்லது. 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் பழைய பெட்டிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடையையும் மூடினார்கள். வாங்கியதைத் திரும்ப டவுன்லோட் செய்யலாம், புதிதாக வாங்க முடியாது. பத்து வருஷம் கழித்து இந்தச் சாவிக் கார்டை என்னிடம் விற்க வந்தால் பாதி விலை கேட்பேன்.

—

அச்சுக்கோர்ப்பு

டிராவில் ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து பார்த்தேன். எழுத்து வந்துவிட்டது, முகூர்த்த நேரம் வரை சரியாக இருக்கிறது. ஓரத்துக் கொடி அலங்காரம் மட்டும் பக்கத்துக்கு வெளியே போய் நிற்கிறது. கன்வர்ட் செய்ததில் "ஸ்ரீ" எல்லா இடத்திலும் கட்டமாக விழுகிறது. அதற்கு என்ன செய்வது?

—

தீவான்

அது எங்களுக்கும் வாறது அண்ணை. மாத்தினாப்பிறகு தேடி மாற்றுறதில அந்தக் கட்டத்தைப் பிரதி பண்ணிப் போட்டு, கீழ "ஸ்ரீ" எண்டு அடிச்சு எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோ. "க்ஷ"வையும் ஒருக்காப் பாருங்கோ.